வெள்ளைக் கால்சட்டை

சாராவுக்கு உடை தைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டால் வேதாகமத்துக் கிழவி சாராவை நினைத்து 'சாராவைப் பார்த்துவிட்டாள்' என்பார்கள். அன்று அவள் கதவைத் திறப்பதற்குள், ஆள் உயரத்துக்கு சாரா என்று ஒரு கிழவிப் பொம்மை செய்து அவள் வீட்டு முன் புல்தரையில் நட்டுவிட வேண்டும். தெருவில் போகிற கார் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். எனக்கும் நட்டார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

ரென்ஸ்கெவுக்கு நட்டது நாங்கள், நீச்சல்குளத்தில் கூட வேலை செய்கிறவர்கள். உடம்புக்குள் கிழிந்த துண்டுகள். தலையணை உறையில் முகம். சாம்பல் நிறக் கம்பளி நூலில் முடி. குளத்தில் நாங்கள் போடுகிற சீருடை மாதிரியே வெள்ளை பனியனும் வெள்ளைக் கால்சட்டையும் என் தையல் மெஷினில் தைத்தேன். கையில் ஒரு விசிறி, கழுத்தில் ஒரு அட்டை: 'இந்த வீட்டில் ஹீட்டர் தேவையில்லை.' அந்த வாசகம் எங்கள் மேனேஜர் யோரிஸின் யோசனை. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மார்ச் மாதம், வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. வேலிச் செடிக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் குனிந்து நின்றோம். ரென்ஸ்கெ கதவைத் திறந்து வெளியே வந்தாள். பொம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் படிக்கவில்லை. அந்த வெள்ளைக் கால்சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன, சிரிக்கவே இல்ல?" என்றான் யோரிஸ்.

எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தேதான் தைத்திருந்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ரென்ஸ்கெ எங்கள் குளத்தில் இருபத்தேழு வருஷமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டை விட்டு இறங்கினால் கால்வாய் என்றிருக்கிற ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை சைக்கிள் ஓட்டப் பழகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், நீச்சல் தெரியாவிட்டால் விடமாட்டார்கள். சட்டை, பேன்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்து, முங்கி, தொங்கவிட்ட தார்ப்பாயில் இருக்கிற ஓட்டை வழியாக மறுபக்கம் வந்தால்தான் சான்றிதழ். ஊரில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப்பேர் அந்த ஓட்டைக்குள் புகுந்து வெளியே வந்தபோது முதலில் பார்த்தது ரென்ஸ்கெயின் முகத்தைத்தான். யோரிஸும் அதில் ஒருவன். திணறுகிற பிள்ளை பிடித்துக்கொள்ளக் கையில் நீளக் கம்பு வைத்திருப்பாள், ஆனால் அதை நீட்டியதில்லை. குரலே போதும்.

நாற்பத்தேழில் ஆரம்பித்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு சூடு வந்தது. "கால்ல கெளம்பி, கழுத்து வழியா ஏறி, காதுக்குள்ள போய் உக்காந்துக்குது டினெகெ" என்பாள் என்னிடம். குளத்தின் கூடமே முப்பது டிகிரி வெக்கை. அதற்குள் நின்றுகொண்டு உள்ளேயும் எரிந்தால் என்ன செய்வது? பிறகு வலது தோள் இறுகிப்போனது. பிராவை முன்பக்கம் மாட்டி, சுற்றித் திருப்பிக்கொள்கிறேன் என்றாள். தொப்பை விழுந்தது, முடி கொட்டியது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர்கள் மறந்துபோனதுதான் தாங்கவில்லை. அறுபது பிள்ளைகள் பெயரையும் மனப்பாடமாக வைத்திருந்தவள், ஒருநாள் தண்ணீரைப் பார்த்து "டேய், நீ... நீதான்... சிவப்பு டிரவுசர்!" என்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

கடைசியாக ரத்தம். இரண்டு மாதம் ஒன்றும் இருக்காது. அப்புறம் மூன்று வாரம், குழாய் பீறிக்கொண்ட மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் யோரிஸ் வெள்ளைக் கால்சட்டையைக் கொண்டுவந்தான். அதற்குமுன் கருநீலம் போட்டுக்கொண்டிருந்தோம். ஜனவரிக் கூட்டத்தில் ரென்ஸ்கெ கேட்டாள்.

"நீலத்துக்கு என்ன குறைச்சல்?"

"வெள்ளைன்னா பளிச்சுனு இருக்கும் ரென்ஸ்கெ. அப்பா அம்மாக்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தா, நம்ம ஆளு யாருன்னு சட்டுனு தெரியணும்."

"நீலத்துல தெரியாம போன பிள்ளை ஏதாவது உண்டா?"

"எல்லாருக்கும் ஓகேதானே?" என்று மற்றவர்களைப் பார்த்தான். மூன்று இளவட்டப் பையன்கள் தலையாட்டினார்கள். ரென்ஸ்கெ என்னைப் பார்த்தாள். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளை ஏன் கூடாது என்று அந்த மேஜையில் சொல்லத் தெரிந்த இரண்டாவது ஆள் நான்தான். சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் புதன் மதியம்தான் கூட்டம் அதிகம். நான் கவுன்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாக்கி-டாக்கியில் ரென்ஸ்கெ கூப்பிட்டாள்.

"கவுன்டர், ரெண்டாவது குளத்துக்கு ஒரு மாத்து ஆள் வேணும்."

யோரிஸ் அறையில் போன் பேசிக்கொண்டிருந்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பத்து விரலையும் விரித்துக் காட்டினான், பத்து நிமிஷமாம். அதையே அவளிடம் சொன்னேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். "டினெகெ. மாத்து ஆள்." குரல் மெல்லிசாக இருந்தது. எனக்குப் புரிந்தது. கவுன்டரில் வரிசை நின்றது, விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று விதி. விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை அவள் கூப்பிடவில்லை. விசில் ஊதினாள். பன்னிரண்டு பிள்ளைகளையும் தண்ணீரிலிருந்து ஏற்றி, பெஞ்சில் உட்காரவைத்து, துண்டு போர்த்தி, ஒவ்வொரு தலையாக எண்ணினாள். குளத்துக்குப் போகிற சிறு கதவைப் பூட்டினாள். பிறகு ஒரு துண்டை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனாள். தரையின் வெள்ளை ஓட்டில் நாலைந்து சொட்டு கிடந்தது. ஒரு பையன் கண்ணாடிப் பக்கம் திரும்பித் தன் அம்மாவிடம் கத்தினான்: "மிஸ்ஸுக்குக் காயம் பட்டுடுச்சு!"

ஒன்பது நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலமே ஒரு தகப்பனிடமிருந்து புகார் வந்தது: பிள்ளைகள் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு இருந்தார்களாம்.

இரண்டு மாதத்தில் வகுப்பு நின்றது அது மூன்றாவது முறை. மறுநாள் யோரிஸ் கூப்பிட்டான். அவன் அறைக் கதவு என் நாற்காலிக்குப் பின்னால்தான். முழுவதும் கேட்டது.

"இது உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் ரென்ஸ்கெ."

"என் நல்லது எனக்குத் தெரியும். நீ சொல்ல வந்ததைச் சொல்லு."

"கவுன்டருக்கு வந்துடுங்களேன். டினெகெ கூட. உக்காந்த வேலை. வெக்கை கிடையாது."

"மாத்து ஆள் கேட்டேன். ரெண்டு தடவை. நீ போன்ல இருந்த."

"என்ன விஷயம்னு நீங்க சொல்லவே இல்லையே."

"வாக்கி-டாக்கில சொல்லணுமா? மூணு குளத்துக்கும் கேக்கட்டும்னு?"

யோரிஸ் ரொம்பப் பதமாக, "எங்கம்மாவும் இந்தக் கட்டத்தைத் தாண்டினவங்கதான். யோகா போனாங்க, நல்லா இருக்காங்க" என்றான்.

"உங்கம்மாவுக்கு யாரும் வெள்ளை டிரவுசர் மாட்டிவிடல."

முடிவு என்னவென்றால், மே மாதம் எல்லோருக்கும் வருஷாந்திர மீட்புத் தேர்வு. மூன்று மீட்டர் ஆழத்தில் கிடக்கிற ரப்பர் மனிதனை முங்கி எடுத்து, குளத்தின் அந்தக் கோடிவரை இழுத்து வரவேண்டும். "அதைச் செஞ்சிடுங்க, அப்புறம் பேச்சே இல்ல. முடியலைன்னா கவுன்டர்" என்றான். அவள் வெளியே வந்து என் முன்னால் நின்றாள். வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். காதுவரைகூட வரவில்லை.

"உன் பக்கத்துல உக்காரவச்சே என்னைக் கொல்லப் பாக்குறான்" என்றாள்.

"கவுன்டர் அவ்வளவு மோசமில்ல" என்றேன்.

"உனக்கு இல்ல. நீ அங்கயே இருக்கணும்னு வந்தவ. நான் தண்ணிக்கு வந்தவ."

டாக்டரிடம் போனாள். எங்கள் ஊர் டாக்டர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். சந்திப்புக்குப் பத்து நிமிஷம், ஒரு சந்திப்புக்கு ஒரு பிரச்சினை, அப்படித்தான் வாசலில் எழுதிப் போட்டிருக்கும். அவளுக்கு ஐந்து இருந்தது: ரத்தம், தோள், தூக்கம், சூடு, படபடவென்று நெஞ்சு அடித்துக்கொள்வது.

"இதுல இன்னைக்கு எதைப் பாக்கலாம்?" என்றாராம்.

"ரத்தத்தை."

"இந்த வயசுல கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். வேலையில அழுத்தம் ஏதாவது?"

"ரத்தம்தான் அழுத்தம் டாக்டர்."

"பாராசெட்டமால் போட்டுக்குங்க. பொறுத்துப் பார்ப்போம். வேணும்னா மனநல நர்ஸ்கிட்ட அனுப்பட்டுமா?"

வெளியே வந்து, சைக்கிள் கொட்டகையில் யாருடையதென்றே தெரியாத ஒரு சைக்கிளை உதைத்தாள். பிறகு அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். அப்படிப்பட்டவள்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் சாராவுக்கு வெள்ளைக் கால்சட்டை தைத்தேன். வேண்டுமென்று இல்லை. வழக்கம் என்று ஒன்று இருந்தால் கை தானாகத் தைத்துவிடுகிறது.

அன்று மதியம் அவள் வீட்டுக்குப் பிறந்தநாளுக்குப் போனோம். வட்டமாக நாற்காலி. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றிவந்து எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும், பிறந்தநாள்காரிக்கு மட்டுமில்லை, வீட்டுக்காரருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். "வாழ்த்துகள் வீபெ, மனைவி பிறந்தநாள்!" "நன்றி, நன்றி." வீபெ குழாய் வேலை செய்கிறவன், அதிகம் பேசமாட்டான். என்னவோ அவன் உழைத்து அவளுக்கு ஐம்பது வயதாக்கின மாதிரி கை குலுக்கிக்கொண்டிருந்தான்.

ரென்ஸ்கெ மேலே ரோஜா நிறத்தில் சர்க்கரை பூசிய கேக்கைத் தட்டில் வைத்துச் சுற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். யோரிஸ் முன்னால் வந்ததும் அவள் முகம் குப்பென்று சிவந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து தட்டில் சொட்டியது.

"ஜன்னலைத் திறக்கட்டுமா சாரா?" என்றான் யோரிஸ். வட்டம் சிரித்தது.

தட்டைத் தரையில் வைத்தாள். மேஜையில்கூட இல்லை, தரையில்.

"சிரிங்க. முதல்ல சிரிச்சு முடிங்க" என்றாள். "முடிஞ்சுதா? இப்ப ஒரு கேள்வி. இங்க பொம்பளைங்க எத்தனை பேர் இருக்கீங்க? ஏழு. எனக்கு முன்னால இதைத் தாண்டினவங்க நாலு. இப்படி இருக்கும்னு ஏன் ஒருத்தியும் எங்கிட்ட சொல்லல?"

காப்பி மெஷின் மட்டும் உறுமியது.

"டினெகெ. உனக்கு எப்ப நின்னுச்சு?"

"அம்பத்திரெண்டுல."

"அதுக்கு முன்னாடி ரத்தம்?"

ஆண்கள் எல்லோரும் கேக்கை ஆராய்ந்தார்கள். "போச்சு" என்றேன். "நிறைய."

"வேலை நேரத்துல என்ன பண்ணின?"

"கவுன்டர் டிராயர்ல ஒரு கறுப்பு பேன்ட் வச்சிருந்தேன்."

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு."

"அந்தப் புதன்கிழமை, நான் ரெண்டு தடவை கூப்பிட்டப்ப? அப்பவும் அந்த டிராயர்லதான் இருந்துச்சா?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "ஆமா" என்றேன்.

வீபெ மெதுவாக, "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ரென்ஸ்" என்றான்.

"உன்கிட்டயா? மெத்தையைத் திருப்பிப் போட்டது யாரு? நீதான். மூணு தடவை. திருப்பிப் போட்டுட்டு டீ போடப் போயிட்ட. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

வீபெ தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து கெசினா தொண்டையைச் செருமினாள். அறுபத்தெட்டு வயது. திங்கள் காலை வெந்நீர்க் குளத்து உடற்பயிற்சிக்கு வருகிறவள், இப்போது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நின்னா விட்டுடும்னு நினைச்சியா பொண்ணே? நின்னதுக்கு அப்புறம்தான் இருக்கு வேடிக்கை. தும்மினா நனையும். வருஷத்துக்கு ஆறு தடவை சிறுநீர்ல எரிச்சல், காய்ச்சல். நான் சுத்தமா இல்லையோன்னு சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு இன்னும் புண்ணாக்கிக்கிட்டேன். இந்தக் கை எப்படி ஒடஞ்சதுன்னு நினைக்கிற? நின்னுக்கிட்டு இருந்த சைக்கிள் சாஞ்சுது, கையை ஊனினேன். அவ்வளவுதான். எலும்பு பிஸ்கட் மாதிரி."

"கெசினா, கேக் சாப்பிடுறாங்க" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"சாப்பிடட்டும். இவர்கிட்ட அஞ்சு வருஷம் ராத்திரிக்கு ராத்திரி எனக்குத் தலைவலின்னு சொன்னேன். பாவம், நம்பிட்டாரு. ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாரு. தலையில ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு. இருக்காதே! வறண்டுபோனது தலையா என்ன? கடைசியில ஒரு சின்ன கிரீம். வாரத்துக்கு ரெண்டு தடவை. எரிச்சலும் போச்சு, தலைவலியும் போச்சு. அதை எழுதிக் குடுக்க டாக்டருங்களுக்குப் பதினோரு வருஷம்."

ரென்ஸ்கெ சிரிக்கவில்லை. "பதினோரு வருஷமா திங்கக்கிழமை திங்கக்கிழமை என் குளத்துக்கு வர்றீங்க" என்றாள். "துணி மாத்துற அறையில பேரன் பேச்சு, பூனை பேச்சு எல்லாம் பேசுறீங்க. இதை மட்டும் பேசல."

"வெக்கமா இருந்துச்சு."

"உங்க வெக்கத்துக்கு நான் ரத்தம் குடுத்தேன்."

வீபெ எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சாராவின் கழுத்திலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து யோரிஸின் மடியில் போட்டான். "உன்னுது" என்றான். நன்றியைத் தவிர அன்றைக்கு அவன் பேசிய இரண்டாவது வாக்கியம் அதுதான். பொம்மையை மட்டும் அவர்கள் பிடுங்கவில்லை. "இருக்கட்டும், வேலை இருக்கு" என்றாள் ரென்ஸ்கெ.

அடுத்த வாரம் டாக்டர் அலுவலகத்துக்கு அவளே போன் செய்தாள். ஒரே காலையில், அடுத்தடுத்து ஐந்து சந்திப்பு. போனை எடுத்த பெண் முடியாது என்றிருக்கிறாள். "ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினைன்னு போர்டு வச்சிருக்கீங்க. எனக்கு அஞ்சு. கணக்கு சரிதானே?" மூன்று அவள் பெயரில் கிடைத்தது. மீதி இரண்டை கெசினா பெயரிலும் என் பெயரிலும் வாங்கினோம். மூன்று பேரும் போய் வரிசையாக உட்கார்ந்தோம்.

டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ன போராட்டமா?"

"இல்ல, சந்திப்பு. அம்பது நிமிஷம்" என்றாள் ரென்ஸ்கெ. எத்தனை மணிக்கு எத்தனை நாப்கின் மாற்றினாள் என்று மூன்று வாரத்துக்கு எழுதி வைத்திருந்தாள். அதை மேஜைமேல் வைத்தாள். அவர் படித்தார். முதல் பக்கம் வேகமாக, இரண்டாம் பக்கம் மெதுவாக.

ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் அவரே போன் செய்தார். உடம்பில் இருக்கவேண்டிய ரத்தச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

"இதோட எப்படி நடமாடிக்கிட்டு இருந்தீங்க?"

"நடமாடல. நீச்சல் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றாள். 'பரவாயில்லை' என்று சொல்லுவாள் என்று அவர் காத்திருந்திருக்கிறார். அவள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், பயப்படும்படி ஒன்றுமில்லை. இரும்புச்சத்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஒரு சின்னக் கருவி, சூட்டுக்குத் தோலில் ஒட்டுகிற ஹார்மோன் பட்டை. தோளுக்குத் தனியாகப் பயிற்சி. அதுவும் இந்த வயதுப் பெண்களுக்கு நிறைய வருவதுதான், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம் என்றார்கள். இதில் எதுவும் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ஆத்திரம் கூடியது. "மருந்து இல்லாம தவிச்சேன்னா விதின்னு போயிருப்பேன். அலமாரியில வச்சுக்கிட்டே தரலடி" என்றாள்.

மூன்று வாரம் லீவு. அதற்குள் கவுன்டரில் என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்துவிட்டது. புதுசு, சாய்மானம் வைத்தது. தேர்வு மே மாதம். இன்னும் ஏப்ரல்தான். நாற்காலிக்கு அவ்வளவு அவசரம்.

அவள் திரும்பி வந்தது ஒரு புதன்கிழமை, மதிய வகுப்புக்கு அரைமணி நேரம் முன்னால். சைக்கிளின் பின்னால் சாராவைக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். புது நாற்காலியில் அதை உட்காரவைத்தாள், கையை மேஜைமேல் எடுத்து வைத்தாள். வெள்ளைக் கால்சட்டையின் முன்பக்கம் முழுக்க பீட்ரூட் சாறு.

யோரிஸ் அறையிலிருந்து ஓடிவந்தான். "இதென்ன ரென்ஸ்கெ?"

"கவுன்டருக்கு அம்பது வயசுப் பொம்பளை வேணும்னியே. கூட்டிட்டு வந்திருக்கேன்."

"எடுத்துடுங்க. பசங்க வர்ற நேரம்."

"பசங்க முன்னாடியே பார்த்துட்டாங்க. மிஸ்ஸுக்குக் காயம்னு நினைச்சு ஒருத்தன் அம்மாவைக் கூப்பிட்டான். ஆறு வயசுப் பையனுக்கு வந்த பதட்டம் உனக்கு வரல. சின்னப் பையனா நீ தார்ப்பா ஓட்டைக்குள்ள போக மாட்டேன்னு நாலு வாரம் அழுத. அப்ப உன்னை நான் கவுன்டர்லயா உக்காரவச்சேன்? உன்கூட முங்கினேன்."

வாசலில் முதல் தாய்மார்கள் பிள்ளைகளோடு நுழைந்துவிட்டார்கள். நின்று பொம்மையைப் பார்த்தார்கள். யோரிஸ் என் பக்கம் திரும்பி, "டினெகெ, ப்ளீஸ், இதைத் தூக்கி உள்ள வை" என்றான்.

டிராயரைத் திறந்தேன். ஆறு வருஷமாக மடிப்புக் கலையாமல் கிடந்த அந்தக் கறுப்பு பேன்ட்டை எடுத்தேன். எழுந்து போய், இரண்டாவது குளத்துக்குப் போகிற கதவுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற கொக்கியில் மாட்டினேன்.

"பொம்மை உக்காரட்டும்" என்றேன். "எனக்குத் தொந்தரவில்ல."

ஒரு தாய், முகம் தெரியும், பெயர் தெரியாது, பீட்ரூட் கறையைப் பார்த்துவிட்டு யோரிஸிடம் கேட்டாள்: "வெள்ளை டிரவுசர் யாரோட யோசனை?"

சாரா நாலு நாள் கவுன்டரில் இருந்தாள். மறுவாரம் கருநீலக் கால்சட்டைகள் வந்தன. 'புதிய நிறம்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. பழசுதான் என்று அடியில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள்.

ஆனால் தேர்வு தேர்வுதான். அதை அவளும் தள்ளிப்போடச் சொல்லவில்லை. மே மாதம் பன்னிரண்டாம் தேதி காலை, கரையில் யோரிஸ் ஸ்டாப்வாட்சோடு நின்றான். நான் கவுன்டரைப் பூட்டி 'பத்து நிமிஷத்தில் வருகிறேன்' என்று அட்டை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். விதிக்குத் தெரியட்டும்.

ரென்ஸ்கெ குதித்தாள். முங்கினாள். வெறுங்கையோடு மேலே வந்தாள். வலது கை எட்டவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி முங்கினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் ரப்பர் மனிதனின் தாடையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, மல்லாந்து, காலால் மட்டும் உதைத்து உதைத்து இழுத்துக்கொண்டு போனாள். அழகாக இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனாள். வாயில் தண்ணீர் போய் வசவும் வந்தது. சுவரைத் தொட்டபோது ஏழு செகண்ட் மிச்சம்.

யோரிஸ் குனிந்து கை நீட்டினான். "வாழ்த்துகள் ரென்ஸ்கெ."

அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் படியேறி வந்தாள். "வீபெவுக்குச் சொல்லு. இங்க அதுதானே வழக்கம்?"

கதை இத்தோடு முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உடம்பு அப்படி முடித்துவைப்பதில்லை. கருவி வைத்த பிறகும் சில மாதம் தாறுமாறாகத்தான் போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஜூனில் ஒரு புதன்கிழமை மதியம், கவுன்டரில் வரிசை நின்றுகொண்டிருந்தபோது வாக்கி-டாக்கி பேசியது. மூன்று குளத்திலும், யோரிஸ் அறையிலும், காப்பிக் கடையிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"கவுன்டர். ரெண்டாவது குளத்துக்கு மாத்து ஆள். எனக்கு ரத்தம் போகுது."

குரல் மெல்லிசாக இல்லை. பிள்ளைகளை அக்கரைக்கு விரட்டுகிற அதே குரல்.

நான் எழுந்திருப்பதற்குள் பின்னால் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. யோரிஸ் போனை மேஜைமேல் அப்படியே போட்டுவிட்டு ஓடினான். போனுக்குள் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களிடம் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு நான் அவன் பின்னால் போனேன்.

ரென்ஸ்கெ கம்பை அவன் கையில் திணித்தாள். "பன்னெண்டு பேர். எண்ணிக்கோ. மஞ்சள் தொப்பிக்காரன் மேல ஒரு கண்ணு வை, அவன் தண்ணியைக் குடிப்பான்." கொக்கியிலிருந்து பேன்ட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தண்ணீரிலிருந்து அந்தப் பையன் தலையைத் தூக்கினான், அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டவன். "மிஸ், மறுபடியும் காயமா?"

"காயமில்லடா. அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்றாள், நடந்துகொண்டே. "நீ பேசாம காலை நீட்டி உதை."